வேகமா ஓடுற ரன்னிங் பேக்கை டிராஃப்ட்ல எடுக்கலாமா? புதுசா பாக்குறவங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபுட்பால்னு இங்க சொல்றது அமெரிக்கன் ஃபுட்பால், அதோட தொழில்முறை லீக்தான் என்எஃப்எல். முதல்ல ரெண்டு பேரைப் பத்தி சொல்லிடுறேன், நான் சொல்லப்போற மத்த எல்லாமே அவங்க ரெண்டு பேர்ல இருந்துதான் வருது.

2008ல கிறிஸ் ஜான்சன்னு ஈஸ்ட் கரோலைனா காலேஜ் பையன், இண்டியானாபொலிஸ்ல நடக்குற கம்பைன்ல (காலேஜ் பசங்களை ஓட வச்சு, எடை பாத்து சோதிக்குற நிகழ்ச்சி) 40 யார்டை 4.24 செகண்ட்ல ஓடிட்டாரு. டிராஃப்ட்ல, அதாவது காலேஜ் பசங்களை டீமுங்க வரிசையா எடுக்குற தேர்வுல, டென்னசி டைட்டன்ஸ் அவரை 24ஆவது ஆளா எடுத்தாங்க. ரெண்டாவது சீசன்லயே, அதாவது 2009ல, 2,006 யார்டு ஓடினாரு, பாஸ் பிடிச்சதையும் சேர்த்தா 2,509. 2014ல ட்ரை ஆர்ச்சர்னு கென்ட் ஸ்டேட் பையன், அதே கம்பைன்ல 4.26. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூணாவது ரவுண்ட்ல 97ஆவது ஆளா எடுத்தாங்க. அவர் என்எஃப்எல்ல மொத்தமா பந்தை எடுத்து ஓடினது 10 தடவை, கிடைச்சது 40 யார்டு, 2015 சீசன் நடுவுலயே டீம் விட்டுருச்சு.

ரெண்டு பேருக்கும் நடுவுல 0.02 செகண்டுதான் வித்தியாசம், கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள அதுமாதிரி பல மடங்கு போயிரும். ஒருத்தர் சரித்திரம், இன்னொருத்தர் பேரைச் சொன்னா பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. அதனால "இந்தப் பையன் எவ்வளவு வேகம்?"னு கேக்குறதோட நிறுத்தாதீங்க, "நம்ம டீம் ஒரு மேட்ச்ல இவனை எத்தனை தடவை ஆளில்லாத இடத்துக்குக் கொண்டு போய் விட முடியும்?"னு கேளுங்க. கீழ இருக்குற எல்லா படியும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடுற வேலைதான்.

அடிப்படை தெரியாதவங்களுக்கு சீக்கிரமா சொல்லிடுறேன். டிராஃப்ட்ங்கிறது ஏப்ரல் மாசம் நடக்கும், 32 டீம், 7 ரவுண்ட், போன சீசன்ல மோசமா ஆடின டீம் முதல்ல எடுக்கும். எடுக்குற பையனுக்கு 4 வருஷ ஒப்பந்தம், முதல் ரவுண்ட் ஆளுன்னா டீம் விருப்பப்பட்டா அஞ்சாவது வருஷமும் வச்சுக்கலாம், சம்பளம் எத்தனாவது ஆளா எடுத்தாங்கங்கிறதைப் பொறுத்து ஏறக்குறைய முன்னாடியே முடிவான மாதிரிதான். ரன்னிங் பேக்னா, பந்தை எறியுற குவார்ட்டர்பேக் பக்கத்துலயோ பின்னாடியோ நின்னு, பந்தை கையில வாங்கிட்டு ஓடுற ஆளு. அவ்வளவு தெரிஞ்சா போதும், வாங்க.

முதல் படி: நேரத்தை சரியா படிக்கக் கத்துக்கணும்

40 யார்டுன்னா 36 மீட்டர் சொச்சம். டிவில 4.33னு ஒரு நம்பர் வந்ததும் எல்லாரும் குதிப்பாங்க, ஆனா அந்த நம்பர் எங்க எடுத்ததுன்னு முதல்ல பாருங்க. கம்பைன்ல எடுத்ததுக்கும் அந்தப் பையனோட காலேஜ்லயே நடக்குற புரோ டேல எடுத்ததுக்கும் வித்தியாசம் இருக்கு, புரோ டேல ஸ்டாப்வாட்ச்சை கையில வச்சு அமுக்குவாங்க, அதுல நேரம் கொஞ்சம் குறைச்சலாத்தான் வரும். ஒரு பையனோட கம்பைன் நேரத்தையும் இன்னொரு பையனோட புரோ டே நேரத்தையும் பக்கத்துல வச்சு இவன்தான் வேகம்னு சொல்றது, ஒருத்தருக்கு தராசுலயும் இன்னொருத்தருக்கு கைக்கணக்குலயும் எடை போட்டு ஒப்பிடுற மாதிரி.

அடுத்தது, அந்த 40க்குள்ள முதல் 10 யார்டுக்குன்னு தனி நேரம் எடுப்பாங்க. இதை யாரும் டிவில பெருசா பேச மாட்டாங்க, எனக்கு இதுதான் முக்கியம். ஏன்னா என்எஃப்எல்ல ஒரு சாதாரண ஓட்டம் நாலு நாலரை யார்டு, ஒரு ஆள் 40 யார்டு தடையில்லாம ஓடுறது சீசனுக்கு ஒண்ணு ரெண்டு தடவை நடந்தாலே பெரிய விஷயம், மத்த நேரமெல்லாம் நின்ன இடத்துல இருந்து எவ்வளவு சட்டுனு கிளம்புறான்ங்கிறதுதான் வாழ்வா சாவா. கடைசி 20 யார்டுல பிச்சுக்கிட்டுப் போறவனும் முதல் 10 யார்டுல பிச்சுக்கிட்டுப் போறவனும் ஒரே 4.35 வாங்கலாம், ஆனா ரெண்டு பேரும் வேற வேற பிளேயர்.

மூணாவது, எடை. 80 கிலோல 4.35 ஓடுறதும் 100 கிலோல 4.35 ஓடுறதும் ஒண்ணு இல்ல. இதுக்கு ஸ்பீட் ஸ்கோர்னு ஒரு கணக்கு இருக்கு, போன்லயே போட்டுப் பாக்கலாம்: எடையை பவுண்டுல எடுத்து 200ஆல பெருக்குங்க, 40 யார்டு நேரத்தை நாலாவது அடுக்குக்கு ஏத்துங்க (4.24 x 4.24 x 4.24 x 4.24 அப்படி), முதல்ல வந்ததை ரெண்டாவதால வகுங்க. 100 வந்தா சுமாரா நடுத்தரம், 110க்கு மேல நல்லா இருக்கு, 120 தாண்டினா அபூர்வம். சில ரன்னிங் பேக்குங்களுக்குப் போட்டுப் பாப்போம்: சாகான் பார்க்லி 233 பவுண்டுல 4.40 ஓடினாரு, அவருக்கு 124 வரும். கிறிஸ் ஜான்சன் 197 பவுண்டு, 122. டெரிக் ஹென்ரி 4.54தான் ஓடினாரு ஆனா 247 பவுண்டு, அதனால 116. ஜமீர் கிப்ஸ் 199 பவுண்டு 4.36, கணக்கு 110. டெவான் எச்சேன் 188 பவுண்டு 4.32, 108. நம்ம ஆர்ச்சர் 173 பவுண்டு, 105.

கடைசி ரெண்டையும் பாருங்க, 108க்கும் 105க்கும் பெரிய தூரம் இல்ல, ஆனா எச்சேன் மயாமில முதல் சீசன்லயே 103 தடவை ஓடி 800 யார்டு எடுத்தாரு, ஒரு ஓட்டத்துக்கு 7.8 யார்டு. அப்போ கணக்கு பிரிச்சுக் காட்டாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு அர்த்தம். அதைத் தேடித்தான் அடுத்த படிக்குப் போறோம்.

ரெண்டாவது படி: ஹைலைட்டை மூடிட்டு முழு மேட்ச் பாருங்க

ஹைலைட் வீடியோல எல்லாரும் சூப்பர் பிளேயர்தான். நீங்க செய்ய வேண்டியது, அந்தப் பையன் பலமான டீமோட ஆடின ஒரு மேட்ச்சை எடுத்து, அவன் பந்து வாங்கின ஒவ்வொரு தடவையும் பாக்குறது, முக்கியமா 2 யார்டு 3 யார்டு கிடைச்ச மொக்கை ஓட்டங்களை. நான் எப்படிப் பாப்பேன்னா, பந்து கைக்கு வர்ற அந்த நொடியில வீடியோவை நிறுத்திடுவேன். லைன்மேன் அஞ்சு பேரும் (முன்னாடி நின்னு எதிராளியைத் தள்ளி வழி விடுறவங்க, இவங்களைத்தான் மொத்தமா லைன்னு சொல்றது) எங்க நிக்கிறாங்க, எந்தப் பக்கம் வழி திறக்கப்போகுதுன்னு நானே விரல் வச்சுப் பாத்துப்பேன். அப்புறம் ஓட விட்டு, பையன் அந்த வழியைப் பாத்தானா, இல்ல பாக்காமலே வெளிப்பக்கமா சைடுலைனை நோக்கி ஓடிட்டானான்னு பாப்பேன்.

வேகமான பசங்களோட பெரிய வியாதியே இதுதான். காலேஜ்ல, அதுவும் சின்ன கான்ஃபரன்ஸ்ல (காலேஜ் டீமுங்க தங்களுக்குள்ள ஆடுற குழு), எதுவுமே கிடைக்கலன்னா வெளிய சுத்தி ஓடினா போதும், துரத்துறவங்க யாருக்கும் இவன் வேகம் கிடையாது. என்எஃப்எல்ல எதிர்ல நின்னு தடுக்குற கனமான லைன்பேக்கரே 4.5 ஓடுறான், அங்க வெளிய சுத்துனா 3 யார்டு நஷ்டத்துல சைடுலைன்ல போய் விழுவான். ஆர்ச்சர் ஆடினது மிட்-அமெரிக்கன்ங்கிற சின்ன கான்ஃபரன்ஸ், எச்சேன் ஆடினது டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜ், எஸ்ஈசிங்கிற பெரிய கான்ஃபரன்ஸ், எதிர்ல நிக்கிறவங்கள்ல பல பேர் நாளைக்கு என்எஃப்எல் போறவங்க, அங்க 2022ல முழு நேர ரன்னிங் பேக்கா 1,102 யார்டு ஓடிட்டு வந்தவர். எங்க ஓடினான்ங்கிறதை எழுதி வச்சுக்கோங்க. சின்ன கான்ஃபரன்ஸ்ல இருந்து வந்தாலே தப்புன்னு சொல்லல, கிறிஸ் ஜான்சனும் பெரிய கான்ஃபரன்ஸ் ஆளு இல்ல, ஆனா அப்படி வர்றவன் கிட்ட இன்னும் அதிகமா உத்துப் பாக்கணும்.

நல்ல ஆளு என்ன பண்ணுவான்னா, பந்து வாங்கினதும் அரை நொடி பொறுப்பான், லைன்மேன் தள்ளிக்கிட்டுப் போறதைப் பாப்பான், ஒரே ஒரு காலை ஊன்றி திரும்புவான், திரும்பினதுக்கு அப்புறம்தான் வேகத்தை அவிழ்த்து விடுவான். அந்தப் பொறுமையும் அந்த ஒரு திருப்பமும் இல்லாத வேகம் வெறும் தடகள வேகம். இன்னொரு பக்கம் எம்மிட் ஸ்மித்தைப் பாருங்க, 1990ல வேகம் பத்தாதுன்னு சொல்லித்தான் 17ஆவது இடம் வரைக்கும் வந்தாரு, அவர் ஓடி முடிச்ச 18,355 யார்டை இன்னைக்கு வரைக்கும் யாரும் தாண்டல.

மூணாவது படி: நம்ம லைன் எப்படி, நம்ம கோச் என்ன ஆடுறாரு?

எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான படி, ஆனா ரசிகர்கள் பாதிப் பேர் இதை யோசிக்கிறதே இல்ல.

சாகான் பார்க்லியை 2018ல நியூயார்க் ஜயன்ட்ஸ் ரெண்டாவது ஆளா எடுத்தாங்க. முதல் சீசன்லயே 1,307 யார்டு ஓடினாரு, டீம் 5 ஜெயிச்சு 11 தோத்தது. 2020ல முழங்கால் லிகமென்ட் கிழிஞ்சது. அப்புறம் 2024ல ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் போனாரு, லீக்லயே மிகச் சிறந்த லைன்கள்ல ஒண்ணு அங்க, அந்த வருஷம் 2,005 யார்டு, டீம் லீக் இறுதியான சூப்பர் பவுலை ஜெயிச்சது. வயசு ஏறியிருக்கு, கால்ல அறுவை சிகிச்சை ஆகியிருக்கு, ஆளு அதே ஆளு. மாறினது முன்னாடி நின்ன அஞ்சு பேரும் சுத்தி இருந்த டீமும்தான். உங்க டீம் லைன் ஓட்டையா இருந்தா, பந்து வாங்கும்போதே எதிராளி பின்பக்கம் வந்து நிப்பான், அந்த நேரத்துல 4.3 ஓடுறவனும் 4.6 ஓடுறவனும் ஒரே மாதிரிதான் விழுவாங்க.

அடுத்து ஆட்ட முறை. வைட் ஸோன்னு ஒரு முறை இருக்கு, லைன்மேன் அஞ்சு பேரும் ஒரே திசையில பக்கவாட்டுல ஓடுவாங்க, எதிராளியும் கூடவே ஓடித்தான் ஆகணும், அப்படி ஓடும்போது எங்கயோ ஒரு இடத்துல சந்து விழும், ரன்னிங் பேக் அதுல காலை ஊன்றி நேரா மேல கிளம்பணும். வேகமான, எடை கம்மியான பசங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். ரஹீம் மோஸ்டர்ட்டை எந்த டீமும் டிராஃப்ட்லயே எடுக்கல, 2015ல இருந்து ஆறு டீம் கைமாறி கடைசில சான் பிரான்சிஸ்கோ 49யர்ஸ்ல கோச் கைல் ஷனஹன் கிட்ட போய் சேர்ந்தாரு. 2020 ஜனவரில கிரீன் பேக்கு எதிரா என்எஃப்சி இறுதியில (சூப்பர் பவுலுக்கு முந்தின மேட்ச்) 220 யார்டு, 4 டச்டவுன் (பந்தோட எதிராளி கோல் கோட்டைத் தாண்டுறது). அந்த வருஷமே அடுத்த சீசன்ல நியூயார்க் ஜெட்ஸுக்கு எதிரா முதல் பிளேலயே 80 யார்டு ஓட்டம், மணிக்கு 23.09 மைல் வேகம், அதாவது 37 கிலோமீட்டர். தோள் பேட்ல வைக்குற சிப்ல இருந்து வர்ற கணக்கு இது. அவ்வளவு வேகம் அவர்கிட்ட ஆறு டீம்லயும் இருந்துச்சு, அதை எடுத்து ஆட ஒரு கோச் வேண்டியிருந்தது.

அந்த ஷனஹன் கிட்ட வேலை பாத்த மைக் மெக்டேனியல் கோச்சா மயாமி போனப்ப மோஸ்டர்ட்டையும் கூட்டிட்டுப் போனாரு, 2023ல எச்சேனையும் எடுத்தாரு. 2023 செப்டம்பர் 24, டென்வருக்கு எதிரா மயாமி 70, டென்வர் 20. எச்சேன் 4 டச்டவுன், மோஸ்டர்ட் 4 டச்டவுன். அந்த மேட்ச்சைக் கிடைச்சா பாருங்க, பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு ஆள் குறுக்க ஓடிக்கிட்டு இருப்பான், டென்வர் லைன்பேக்கருங்க எல்லாம் அவனைப் பாத்து ஒரு அடி இந்தப் பக்கம் வைப்பாங்க, அந்த ஒரு அடிதான், பந்து அந்தப் பக்கம் போயிரும், எச்சேன் யார் கையும் படாம போய்க்கிட்டே இருப்பாரு.

உங்க டீம் அப்படி ஆடாம, நேரா மோதித் தள்ளி 3 யார்டு 4 யார்டுன்னு நகர்ற டீம்னா, 85 கிலோ பையனை எடுத்து அந்த மோதலுக்குள்ள மேட்ச்சுக்கு 15 தடவை அனுப்புறது அவனுக்கும் நல்லதில்ல டீமுக்கும் நல்லதில்ல.

நாலாவது படி: மூணாவது டவுன்ல களத்துல நிப்பானா?

10 யார்டு நகர ஒரு டீமுக்கு நாலு முயற்சி, ஒவ்வொண்ணும் ஒரு டவுன். மூணாவது டவுன்னா பெரும்பாலும் பாஸ் பண்ற நேரம், அதாவது குவார்ட்டர்பேக் பந்தை எறியுற நேரம். அப்போ ரன்னிங் பேக்குக்கு ரெண்டு வேலை. ஒண்ணு பாஸ் பிடிக்கிறது, இன்னொண்ணு குவார்ட்டர்பேக்கைக் காப்பாத்துறது.

ரெண்டாவதை ஒரு தடவை பக்கத்துல இருந்து பாருங்க. பந்து கிளம்புது, நடுவுல இருந்து 105 கிலோ லைன்பேக்கர் ஒருத்தன் நேரா ஓடி வர்றான், லைன்மேன் அஞ்சு பேருக்கும் ஏற்கெனவே ஆள் இருக்கு, மிச்சம் இருக்குறது நம்ம 85 கிலோ பையன் மட்டும். அவன் முதல்ல வர்றது யாருன்னு பந்து கிளம்புறதுக்கு முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கணும், அப்புறம் ரெண்டு அடி முன்னாடி போய் குனிஞ்சு, கையை உள்ளுக்குள்ள குடுத்து, நெஞ்சுல முட்டி நிறுத்தணும். நிறுத்தவே வேணாம், ஒரு செகண்ட் தாமதப்படுத்தினா போதும், பந்து போயிரும். இது தெரியாத பையனை மூணாவது டவுன்ல கோச் வெளிய உக்கார வச்சுடுவாரு. கோடிக்கணக்கான டாலர் குவார்ட்டர்பேக்கோட விலா எலும்பை யாரும் பணயம் வைக்க மாட்டாங்க.

பாஸ் பிடிக்கிறது வேகமானவங்களுக்கு பெரிய வரம். 2009ல கிறிஸ் ஜான்சன் ஹூஸ்டனுக்கு எதிரா 57 யார்டு, 91 யார்டுன்னு ரெண்டு ஓட்டம், அது போக பாஸ் பிடிச்சு 69 யார்டு ஒண்ணு, மூணும் டச்டவுன். அந்த மூணாவதுல அவர் ஓரமா தனியா போய் நிக்கிறாரு, அவரைப் பாத்துக்க எதிர் டீம்ல ஒரு ஆளும் இல்ல. அலபாமால ஒரே சீசன்ல 44 பாஸ் பிடிச்சிட்டு வந்த கிப்ஸ், டெட்ராய்ட்ல முதல் வருஷமே 52 பிடிச்சாரு. காலேஜ்ல வருஷத்துக்கு 8, 10 பாஸ்தான் பிடிச்சிருக்கான்னா கை சரியில்லையா, இல்ல அந்தக் காலேஜ் ரன்னிங் பேக்குக்கு பாஸே போடாதான்னு பிரிச்சுப் பாருங்க.

அஞ்சாவது படி: உடம்பு தாங்குமா, கூட யார் இருக்கா?

ஜாவிட் பெஸ்ட்னு ஒருத்தர், 2010ல டெட்ராய்ட் 30ஆவது ஆளா எடுத்தாங்க, மின்னல் வேகம். தலையில அடிபட்டு 2011க்கு அப்புறம் என்எஃப்எல்ல ஆடவே முடியல, 2016 ஒலிம்பிக்ஸ்ல செயின்ட் லூசியாவுக்காக 100 மீட்டர் ஓடினாரு. பால்டிமோர்ல கீட்டன் மிச்சல், டிராஃப்ட்ல யாரும் எடுக்காத பையன், 2023ல 47 தடவை ஓடி 396 யார்டு, ஒரு ஓட்டத்துக்கு 8.4, பாக்கவே பரவசமா இருந்துச்சு, டிசம்பர்ல முழங்கால் போச்சு. இதெல்லாம் எழுதும்போதே மனசு கனக்குது. சின்ன உடம்புன்னா கண்டிப்பா அடிபடும்னு இல்ல, பெரிய உடம்பு ஆளுங்களும் அடிபடுறாங்க, ஆனா எத்தனை தடவை மோத விடுறோம்ங்கிறது டீம் கையில இருக்கு.

அதனால கூட ஓட ஒரு கனமான ஆள் இருக்கானான்னு பாருங்க. ஜான்சனோட முதல் வருஷத்துல லெண்டேல் வைட்டுன்னு பெரிய உடம்பு ஆளு கூட இருந்து 15 டச்டவுன் எடுத்தாரு, கோல் பக்கத்துல முட்டி மோதுற வேலை அவரோடது.

எதிர் டீம் உதைச்சு அனுப்புற பந்தைப் பிடிச்சுத் திரும்ப ஓடுற வேலையையும் (கிக் ரிட்டர்ன்) ஒரு வரி குறிச்சுக்கோங்க. 2024ல கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்க பந்தை உதைக்குறது) விதியை மாத்தினதுல இருந்து பந்தைத் திருப்பி எடுத்து ஓடுறது மறுபடி அதிகமாயிருக்கு, ஒரு மேட்ச்ல 12 ஓட்டத்துக்கு மேல தாங்காத வேகமான பையனுக்கும் இதுல ஒரு வேலை கிடைக்கும்.

ஆறாவது படி: எந்த இடத்துல எடுக்குறோம்?

பையன் நல்லவனா கெட்டவனாங்கிறது பாதிக் கேள்விதான், என்ன விலைக்குங்கிறது மீதிப் பாதி. 2013, 2014 ரெண்டு டிராஃப்ட்லயும் முதல் ரவுண்ட்ல ஒரு ரன்னிங் பேக் கூட போகல, இந்த இடத்துக்கு அவ்வளவு செலவு பண்ண வேணாம்னு டீமுங்க நினைச்ச காலம் அது. ஏன் நினைச்சாங்கன்னா, நல்ல ரன்னிங் பேக் பின்னாடியும் கிடைப்பான்: டெரல் டேவிஸ் 196ஆவது ஆளு, ஜமால் சார்ல்ஸ் 73. அதுக்கு அப்புறம் வந்தவங்கள்லயும் எச்சேன் 84, மோஸ்டர்ட் பட்டியல்லயே இல்ல. இன்னொரு பக்கம் டேரன் மெக்ஃபேடன், 4.33 ஓடினவர், 2008ல ரெய்டர்ஸ் 4ஆவது ஆளா எடுத்தாங்க, அங்க இருந்த ஏழு வருஷத்துல 1,000 யார்டு தாண்டினது ஒரே ஒரு சீசன். அதே டிராஃப்ட்ல கிறிஸ் ஜான்சன் 24ல கிடைச்சாரு, சார்ல்ஸ் 73ல கிடைச்சாரு.

என் கணக்கு இப்படி: முதல் 15க்குள்ள எடுக்கணும்னா பையன் பாஸும் பிடிக்கணும், 195 பவுண்டுக்கு மேல இருக்கணும், லைன் ஏற்கெனவே நல்லா இருக்கணும், இந்த மூணும் வேணும். இதுல ஒண்ணு இல்லன்னா ரெண்டாவது ரவுண்ட் கடைசில இருந்து மூணாவது ரவுண்ட் வரைக்கும் காத்திருங்க. 180 பவுண்டுக்குக் கீழன்னா நாலாவது ரவுண்டுக்கு அப்புறம்தான், அதுவும் கிக் ரிட்டர்ன் ஆட்டத்தைப் பாத்துட்டு.

கடைசியா, எழுதி வைங்க

டிராஃப்டுக்கு முந்தின ராத்திரி ஒரு தாள்ல பையன் பேரு, எடை, நேரம், முதல் 10 யார்டு, பிடிச்ச பாஸ், உங்க டீம் லைன் எப்படி, நீங்களா இருந்தா எத்தனாவது இடத்துல எடுப்பீங்க, எல்லாத்தையும் எழுதி தேதி போட்டு வைங்க. மூணு வருஷம் கழிச்சு எடுத்துப் பாருங்க. மனசுல மட்டும் வச்சிருந்தா அப்புறம் "நான் அப்பவே சொன்னேன்"னு நமக்கு நாமே மாத்திச் சொல்லிப்போம்.

2023ல நான் கிப்ஸ் பேருக்கு நேரா ரெண்டாவது ரவுண்டுன்னு எழுதியிருந்தேன். டெட்ராய்ட் 6ஆவது இடத்தை அரிசோனாகிட்ட குடுத்துட்டு 12க்கு இறங்கி அவரை எடுத்தாங்க, நான் ரொம்ப அதிகம்னு நினைச்சேன். லைன் நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும், பாஸ் பிடிப்பார்னும் தெரியும். ஆனா அதுக்கு ஒரு மாசத்துக்கு முன்னாடியே டேவிட் மான்ட்கோமரியை அந்த டீம் வாங்கி வச்சிருந்தாங்க, கனமான ஓட்டத்தை எல்லாம் தாங்க ஆள் ரெடியா இருந்தாரு, அந்தக் கட்டத்தை நான் தாள்ல காலியாவே விட்டிருந்தேன். அந்த சீசன் மான்ட்கோமரி 1,015 யார்டு, கிப்ஸ் 945. அடுத்த சீசன் கிப்ஸ் 1,412 யார்டு, கடைசி மேட்ச்ல மின்னசோட்டாவுக்கு எதிரா மட்டும் 4 டச்டவுன். இடத்தை மாத்தினப்ப கூடுதலா கிடைச்ச 34ஆவது இடத்துல பாஸ் பிடிக்குற சாம் லபோர்ட்டாவையும் எடுத்துட்டாங்க. இப்போ என் தாள்ல "கூட யாரு?"ங்கிற கட்டம் எடைக்கும் மேல, முதல் வரியில இருக்கு.